திருக்காப்பு சேர்த்த சிற்றில்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நாச்சியார் திருமொழியின் 14 திருமொழிகளுள் இரண்டாவது, ஆயர் சிறுமியர் மணலில் வீடு கட்டி விளையாடுவதையும், கண்ணன் வந்து அதைக் கலைக்க முற்படுவதையும், கலைக்க வேண்டா என்று அவர்கள் அவனை மன்றாடுவதையும் சொல்வது. முந்தின திருமொழியில் காமனைக் குறித்து நோன்பு நோற்றவளுக்கு, இந்தத் திருமொழியில் கண்ணன் தானே முற்றத்தில் வந்து நிற்கிறான். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்களும் ஆண்பாற் பிள்ளைத்தமிழில் ‘சிற்றில்’ என்று ஒரு பருவத்தையே வைத்தன. இவற்றைச் சேவிக்கும்போது நாம் சிற்றில் என்பதைக் குழந்தைகளின் காரியமாகவே கொண்டு, உட்பொருளை நோக்கி விரைந்து போய்விடுகிறோம். சிற்றில் கட்டுகிறவர் எழுபது வயதை எட்டிய ஒரு பெரியவராயிருந்தால் என்ன சொல்வது?

இந்தக் கேள்வி அண்மையில் எங்கள் வாராந்தர இணையவழி கோஷ்டியில் எழுந்தது. அயல்நாட்டில் மகனோடு வாழும் ஸ்வாமி ஒருவர் அதை விண்ணப்பித்தார். மூன்று தலைமுறைகள் வாழ்ந்த அவர்களுடைய அக்ரஹாரத்துத் திருமாளிகை சில ஆண்டுகளுக்கு முன் விற்கப்பட்டது. வாங்கியவர் அதை இடித்துப் புதுக்கட்டடம் எழுப்பிவிட்டார். ஸ்வாமி அந்த வீட்டை நினைவிலிருந்து எடுத்து, பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில், மரத்திலும் அட்டையிலும் களிமண்ணிலும் கட்டி வருகிறார். வேலை தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. திண்ணை, ரேழி, கூடம், முற்றம் ஆகியவை முடிந்துவிட்டன. அவர் கேட்டவை மூன்று. சரணாகதி பண்ணினவன் எஞ்சியுள்ள காலத்தை இப்படிச் செலவிடலாமா? கைவிட்டுப் போன வீட்டைப் பொம்மையாகக் கட்டுவது மமகாரத்துக்கு மறுபடியும் கூரை வேய்வதாகாதா? அந்தப் பொம்மை வீட்டின் கோயிலாழ்வாரில் எதை எழுந்தருளப்பண்ணுவது?

இவற்றுக்கு நடுவே, பின்னாலிருந்து அவருடைய தேவிகளின் குரலும் எல்லோர் காதிலும் விழுந்தது: “களிமண்ணிலே கடுகத்தனை கத்தரிக்காய் பண்ணத் தெரிகிறது; தளிகைக்கு நாலு கத்தரிக்காய் நறுக்கித் தரத்தான் நேரமில்லை.” கோஷ்டியில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது நான்காவது கேள்வி. மற்ற மூன்றுக்கும் விடை தேடும் வழியும் அதிலேதான் இருக்கிறது என்பது அடியேனுடைய எண்ணம்.

முதலில் இந்தக் கைவினையின் இயல்பை அறிந்துகொள்வோம். பொம்மை வீடு அமைப்பது மேலைநாடுகளில் பெரியவர்கள் நெடுங்காலமாக ஈடுபட்டுவரும் ஒன்று. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற பெண்மணியின் பொம்மை வீடு 17ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. அவர் அதைச் செய்வித்தது தமக்காகவே, குழந்தைகள் விளையாடுவதற்காக அன்று. இங்கிலாந்தின் மேரி அரசிக்காக 1921 முதல் 1924 வரை கட்டப்பட்ட பொம்மை மாளிகையை வடிவமைத்தவர், புது தில்லியை வடிவமைத்த அதே எட்வின் லட்யென்ஸ். அதில் குழாயில் நீர் வரும், விளக்கு எரியும், மின்தூக்கி ஏறி இறங்கும். நூலக அறையில் கோனன் டாயில், கிப்ளிங் முதலானோர் எழுதித் தந்த மிகச் சிறிய புத்தகங்கள் உண்டு. இன்றும் அது விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. அமெரிக்காவில் பிரான்ஸஸ் கிளெஸ்னர் லீ என்னும் பெண்மணி 1940களில் இதே அளவில் சிறு அறைகளைச் செய்தார். அவை ஐயத்துக்குரிய மரணங்கள் நிகழ்ந்த அறைகள். கொலையா, தற்கொலையா, விபத்தா என்பதை அவசரப்படாமல் கண்டுகொள்ளும் பயிற்சியைக் காவல்துறையினருக்குக் கொடுப்பதற்காக அவர் அவற்றைச் செய்தார்.

கைத்திறன் மூன்றிலும் ஒன்றே. ஒன்று செல்வத்தைக் காட்டியது. ஒன்று அரசியின் பெருமையைக் காட்டியது. மற்றொன்று குற்றமற்றவன் தண்டிக்கப்படாமலும் குற்றவாளி தப்பாமலும் இருப்பதற்குத் துணை செய்தது. செய்பொருளை வைத்து அன்றி, அதன் விநியோகத்தை வைத்தே அதன் தரத்தைச் சொல்ல வேண்டும் என்று நம் பெரியோர் கூறுவதற்கு இது ஓர் உலகியல் உதாரணம்.

இனி அளவைப் பற்றி ஒரு கணக்கு. ஓர் அடியை ஓர் அங்குலமாக்குவது இக்கலையில் பெருவழக்கான முறை. ஏழடிக் கதவு ஏழு அங்குலமாகும். நீளம் பன்னிரண்டில் ஒரு பங்காகும்போது பரப்பு 144இல் ஒரு பங்காகிறது. கொள்ளளவோ 1,728இல் ஒரு பங்காகிவிடுகிறது. ஒரு லிட்டர் தீர்த்தம் கொள்ளும் சொம்பைப் பொம்மைச் சொம்பாக்கினால் அதில் ஏறக்குறைய பன்னிரண்டு துளிகளே நிற்கும். ஆனால் துளி சிறுப்பதில்லை. துணியின் விறைப்பும் சிறுப்பதில்லை. வேஷ்டியிலிருந்து வெட்டிய துண்டு பொம்மைக் கொடியில் வேஷ்டியாகத் தொங்காமல் அட்டைபோல் நீட்டிக்கொண்டு நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலம் சிறுப்பதில்லை. ஆறடி ஊஞ்சற்பலகையை ஆறு அங்குலமாக்கலாம். அதைச் செய்யும் ஆறு மணி நேரத்தை அரை மணியாக்க முடியாது. பொருள் சிறுக்கச் சிறுக்க உழைப்பு பெருகுகிறது. ஆகவே இந்தக் கைவினையின் உண்மையான விலை, மரத்துக்கும் பசைக்கும் கொடுத்த பணம் அன்று. கட்டுகிறவரின் ஆயுளில் அது எடுத்துக்கொள்ளும் பங்கு. முதல் கேள்வியின் பாரம் இங்கேதான் இருக்கிறது.

அதற்கான பூர்வபக்ஷத்தை வலுவாகவே சொல்ல வேண்டும். நம் பெரியோர் ஒரு நாளை அபிகமநம், உபாதாநம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம் என ஐந்து காலங்களாகப் பகுத்தார்கள். அதில் ‘பொழுதுபோக்கு’ என்று ஓர் ஆறாவது காலம் இல்லை. போக்கப்பட வேண்டிய பொழுது என்று ஒன்று ப்ரபந்நனுக்கு இருக்கிறது என்பதையே அந்தப் பகுப்பு ஏற்கவில்லை. உண்பதையுங்கூட அநுயாகம் என்று வழிபாட்டின் ஓர் அங்கமாக்கினார்கள். அப்படியிருக்க, பல்குத்தும் குச்சிகளைச் சீவிச் சாளரக் கம்பிகளாக நட்டுக்கொண்டிருப்பது எந்தக் காலத்தில் சேரும்?

இதற்கு எளிதாகக் கிடைக்கும் விடை ஒன்று உண்டு. அந்த எளிமையே அதை ஐயுறச் செய்கிறது. ‘இதுவும் கைங்கர்யமே, பெருமாள் எழுந்தருளியிருந்த திருமாளிகையைத்தானே கட்டுகிறார்’ என்று சொல்லிவிடலாம். கோஷ்டியிலும் இருவர் அவ்வாறே சொன்னார்கள். அடியேன் வங்கியில் நெடுங்காலம் கணக்குகளோடு பழகினவன். வாராக் கடனை வேறொரு தலைப்பின்கீழ் எழுதிவிட்டால் அது வசூலாகிவிடாது. அதுபோல, நமக்குப் பிடித்ததைச் செய்துவிட்டு அதற்குக் கைங்கர்யம் என்று தலைப்பிட்டால் அது கைங்கர்யமாகிவிடாது. சேஷியின் திருவுள்ளத்துக்காகச் செய்யப்படுவது கைங்கர்யம். செய்கிறவனுடைய இஷ்டம் முன்னே போய், பகவானுடைய பெயர் பின்னே ஒட்டப்படுமானால் அங்கே முறை தலைகீழாகிறது.

இதற்கு ஸ்ரீராமாயணத்தில் ஒரு வீடு சாட்சி நிற்கிறது. பஞ்சவடியை அடைந்தபின், பர்ணசாலை கட்ட ஏற்ற இடத்தைப் பார்க்கும்படி பெருமாள் இளையபெருமாளிடம் சொல்கிறார். இளையபெருமாளோ, தாம் பரதந்த்ரர் என்பதை விண்ணப்பித்து, இடத்தைத் தேவரீரே தேர்ந்து இங்கே கட்டு என்று நியமித்தருள வேண்டும் என்று கைகூப்புகிறார். இடம் காட்டப்பட்டபின் அவர் கட்டிய குடிலைக் கண்டு பெருமாள் மகிழ்ந்து அவரைத் தழுவிக்கொள்கிறார். இங்கே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. கட்டுகிறவருடைய திறமையில் ஒரு குறையும் வைக்கப்படவில்லை. மண்ணை நிரவி, தூண் நட்டு, மூங்கில் பரப்பி, தழை வேய்ந்து முழு உழைப்பும் தரப்பட்டது. ஆனால் ‘எங்கே, யாருக்காக’ என்னும் தீர்மானம் கட்டுகிறவரிடம் இல்லை. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஸ்வாமியின் பொம்மை வீட்டைக் கைங்கர்யம் என்று சொல்ல அடியேனுக்கு நா எழவில்லை. அது விளையாட்டுத்தான்.

விளையாட்டு என்று சொல்வதால் அது குற்றமாகிவிடுமா? ப்ரஹ்ம ஸூத்ரத்தின் இரண்டாம் அத்தியாயம் முதல் பாதத்தில், குறையொன்றும் இல்லாத பரமாத்மா உலகைப் படைப்பது ஏன் என்ற கேள்விக்கு, அது லீலையே என்று ஸூத்ரகாரர் விடை சொல்கிறார். ஏழு தீவுகளையும் ஆளும் பேரரசனும் வேறு பயன் கருதாது பந்தாடுவதை எடுத்துக்காட்டி எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் அதை விளக்கியருளினார். பயனற்றது என்பதாலேயே ஒரு செயல் இழிந்ததாகாது என்பது இதனால் தெரிகிறது. ஆயினும் இதை நாம் நமக்குச் சாதகமாக்கிக்கொள்ள விரையக் கூடாது. அவன் நிறைவால் விளையாடுகிறான். நாம் பெரும்பாலும் குறையால் விளையாடுகிறோம். ஏதோ ஒன்று இல்லாமற் போனதால்தான் கை எதையோ செய்யத் தேடுகிறது. ஸ்வாமியும் வீடு போனபின்பே வீடு கட்டத் தொடங்கினார்.

குறையால் வரும் விளையாட்டு தடுக்கப்பட்டதன்று. அதற்கு எல்லை வேண்டும், அவ்வளவே. முதுமையில் கைக்கும் கண்ணுக்கும் வேலை வேண்டும். மனத்துக்கு ஆறுதல் வேண்டும். நாள் முழுவதும் பிறர் குறைகளைப் பேசிக்கொண்டும் செய்திகளைப் பார்த்துச் சினந்துகொண்டும் இருப்பதைவிட, சாமணத்தால் ஓட்டுச் சில்லுகளை அடுக்கிக்கொண்டிருப்பது ஆயிரம் மடங்கு மேல். எல்லை எது என்றால், அழைத்தபோது வைத்துவிட முடிகிறதா என்பதே. ஸந்த்யாவந்தனத்துக்கு நேரமாயிற்று, பேரன் பள்ளியிலிருந்து வந்துவிட்டான், தளிகைக்குக் காய் வேண்டும் என்ற அழைப்புகள் வரும்போது, பசை உலர்வதற்குள் முடிக்க வேண்டும் என்று உள்ளம் முரண்டுமானால் அந்த அளவுக்கு விளையாட்டு எஜமானாகிவிட்டது. உடனே வைத்துவிட்டு எழ முடிந்தால் அது இன்னும் விளையாட்டாகவே இருக்கிறது.

இப்போது அந்த அம்மங்காரின் கத்தரிக்காய்க்கு வருவோம். இதை இல்லறத்து நியாயம் என்று மட்டும் கொண்டால் போதாது. நம் திருமாளிகைகளில் அடுப்பில் ஏறுவது நமக்கான சமையல் அன்று, எம்பெருமானுக்கான தளிகை. அவன் அமுது செய்தபின் மிஞ்சுவதையே நாம் உண்கிறோம். அப்படியானால், வீட்டின் ஒரு மூலையில் களிமண் கத்தரிக்காயும் மறு மூலையில் உண்மைக் கத்தரிக்காயும் இருக்கும்போது, எம்பெருமான் அமுது செய்யப்போவது எதை? நறுக்கித் தரும் கைதான் அந்த நேரத்தில் கைங்கர்யத்தில் இருக்கிறது. பழைய திருமாளிகையின் மடைப்பள்ளியை அச்சாக வார்த்து, அம்மியும் உறியும் முறமும் வைத்துக்கொண்டிருக்கும்போதே, இன்றைய மடைப்பள்ளியில் முழங்கால் நோவோடு ஒரு பாகவதை தனித்து நிற்கிறார் என்றால், நினைவுக்குக் கொடுக்கப்படும் மரியாதை உயிருக்குக் கொடுக்கப்படவில்லை என்று பொருள். மனைவி, கணவன் என்ற உறவுக்கு முன்பே இருவரும் பாகவதர்கள். பாகவத சேஷத்வத்தைப் பேசும் நாம் அதை அடுத்த அறையில் தொடங்காவிட்டால் வேறெங்கே தொடங்குவது?

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. போன வீட்டைக் கட்டுவது மமகாரமா?

மமகாரம் போக வேண்டும் என்பதை, எதிலும் அக்கறையற்று இருக்க வேண்டும் என்று சிலர் கொள்கிறார்கள். வங்கியின் காசாளரைப் பாருங்கள். நாள்தோறும் லக்ஷக்கணக்கான ரூபாய் அவர் கைவழியே போகிறது. அதில் ஒரு ரூபாயும் தன்னுடையதன்று என்று அவருக்குத் தெரியும். அதனால் அவர் அலட்சியமாக எண்ணுவதில்லை; தன்னுடையதன்று என்பதாலேயே இருமுறை எண்ணுகிறார். மாலையில் கணக்கு ஒத்துப்போனபின் பெட்டகத்தைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். அந்தப் பணத்தை நினைத்து அவர் இரவில் அழுவதில்லை. அக்கறையும் மமகாரமின்மையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா. ஆகவே ஸ்வாமி உத்தரத்தின் வளைவையும் நிலைப்படியின் தேய்மானத்தையும் அவ்வளவு நுட்பமாகச் செய்கிறாரே என்று குற்றம் காண்பதற்கில்லை. ஆண்டாள் காட்டும் சிறுமியரும் முதுகு நோவும்படி நாளெல்லாம் உட்கார்ந்து, மணலைத் தெள்ளித் தெள்ளி, அழகுபடக் கட்டினவர்களே. அந்த உழைப்பைச் சொல்லியே கண்ணனிடம் முறையிடுகிறார்கள். நுட்பமாகக் கட்டியது தவறென்று அத்திருமொழி எங்கும் சொல்லவில்லை.

மமகாரத்தின் அளவு கட்டும்போது தெரிவதில்லை, கலையும்போதுதான் தெரிகிறது. பிள்ளை லோகாசார்யர் தத்வத்ரயத்தில், படைப்புக்குப் பயன் லீலை என்று நிலைநாட்டியபின், அப்படியானால் ஸம்ஹாரத்தில் அந்த லீலை கெட்டுப்போகாதோ என்று ஒரு கேள்வியை எழுப்பி, ஸம்ஹாரமும் லீலையே ஆகையால் கெடாது என்று தீர்க்கிறார். எம்பெருமானுக்குக் கட்டுவதும் விளையாட்டு, கலைப்பதும் விளையாட்டு. நமக்கோ கட்டுவது மட்டுமே விளையாட்டு, கலைவது துக்கம். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே நம் மமகாரத்தின் அளவு. அச்சிறுமியரோ இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறார்கள். நீ கலைத்தால் நெஞ்சு உருகுகிறது, ஆனால் உன்மேல் கோபமில்லை என்கிறார்கள். நோவு இல்லை என்று அவர்கள் பொய் சொல்லவில்லை. நோவு இருக்கிறது, சினம் இல்லை. ஏனெனில் கலைக்கிறவன் யார் என்று அவர்களுக்குத் தெரியும். போகப்போக, அவன் கலைப்பது சிற்றிலை மட்டுமன்று, தங்கள் சிந்தையையும்தான் என்பதுவரை அவர்கள் வந்துவிடுகிறார்கள். சிற்றிலின்மேல் இருந்த கண் அவன் முகத்தின்மேல் திரும்பிவிட்டது.

ஸ்வாமியின் காரியத்தில் இது வெறும் உவமையாக நிற்கவில்லை. அவர் பேசிக்கொண்டே வந்தபோது ஒரு செய்தி வெளிப்பட்டது. முன்கட்டு முடிந்து ஓராண்டாகியும் பின்கட்டு தொடங்கப்படவில்லை. கிணற்றடி, மாட்டுக்கொட்டில், நெல் சேமித்த அறை இவற்றின் அமைப்பு தம்பிக்கே நன்றாகத் தெரியும். விற்பனையில் முன்னின்றவர் அந்தத் தம்பி. அன்றுமுதல் அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. ஆகவே அந்தப் பொம்மை வீட்டில் பாதி நினைவாலும் பாதி பிணக்காலும் ஆனது என்று சொல்ல வேண்டும். முன்கட்டை அன்பு கட்டியது. பின்கட்டைக் கோபம் கட்டவிடாமல் வைத்திருக்கிறது.

இங்கே மமகாரம் எங்கிருக்கிறது என்பது தெளிவாகிவிடுகிறது. மரத்தூணில் அது இல்லை. ‘என் வீட்டை இவன் விற்றான்’ என்ற வாக்கியத்தில் இருக்கிறது. அந்த வீடு எப்போது இவருடையதாயிற்று? மூன்று தலைமுறைகளும் அதைப் பெருமாளுடைய திருமாளிகை என்றே சொல்லிவந்தார்கள். விருந்தாக வந்த பாகவதர்கள் திண்ணையில் கண்வளர்ந்தார்கள். கூடத்தில் அருளிச்செயல் சேவிக்கப்பட்டது. ‘எங்களுக்கு இவ்வளவு இருந்தது’ என்று காட்டுவதற்காக அந்தப் பொம்மை வீடு நிற்குமானால் அது மமகாரத்தின் கூரைதான். ‘இங்கே இன்னார் இன்ன கைங்கர்யம் செய்தார்கள்’ என்று, திண்ணை என்பதையே கண்டறியாத பேரக்குழந்தைகளுக்குச் சொல்வதற்காக நிற்குமானால் அது பாகவதர்களின் சரிதம். வீடு ஒன்றேதான்; அதைக் காட்டும்போது வாயில் வரும் சொல் மாறுகிறது.

ஆகவே ஸ்வாமிக்கு அடியேன் விண்ணப்பித்தது இதுவே. பின்கட்டைத் தம்பியைக் கேட்டுக் கட்டுங்கள். கிணற்றடித் துவைகல் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்பதற்காகவேனும் ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள். மன்னிப்பு, நியாயம், பங்கு என்ற பெரிய சொற்கள் அப்போது தேவைப்படமாட்டா, துவைகல் போதும். இரண்டு ஆண்டு உழைப்பில் அந்தப் பொம்மை வீடு செய்யக்கூடிய மிகப்பெரிய உபகாரம் இதுவாகவே இருக்கும். அவ்வாறு பேச மனம் வரவில்லையென்றால், பின்கட்டு இல்லாத வீடாகவே அதை விட்டுவிடுவதுதான் நேர்மை. அறியாததைக் கற்பனையால் நிரப்பி ‘இதுதான் எங்கள் வீடு’ என்று நிறுத்துவதில் பயனில்லை.

கடைசியாக, கோயிலாழ்வாரைப் பற்றிய கேள்வி. சிறியது என்பது நம் ஸம்ப்ரதாயத்தில் இழிவுக்குக் காரணமன்று. உலகளந்தவனுக்குப் பிரமன் அனுப்பிய தொட்டிலைச் சிறிய தொட்டிலாகவே பெரியாழ்வார் பாடுகிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் எழுந்தருளியிருக்கும் வடபத்ரசாயியின் திருநாமமே, உலகனைத்தையும் வயிற்றில் அடக்கி ஓர் ஆலிலையில் கண்வளரும் சிறுபிள்ளையை நினைவூட்டுகிறது. அடியார் எந்த வடிவை உகக்கிறார்களோ அந்த வடிவையே தனதாக்கிக்கொள்கிறான் என்று பொய்கையாழ்வார் அருளிச்செய்தார். அப்படியானால், அரை அங்குலப் பெருமாளைப் பொம்மைக் கோயிலாழ்வாரில் எழுந்தருளப்பண்ணினால் என்ன?

தடை அளவில் இல்லை. பின்வரும் கடமையில் இருக்கிறது. அவன் அந்த வடிவில் வருவான் என்று உண்மையாகவே நம்பினால், வந்தவனுக்குத் தீர்த்தம் ஸமர்ப்பிக்க வேண்டும், அமுது கண்டருளப்பண்ண வேண்டும். வெளியூர் போகும்போது அவனை யார் பார்த்துக்கொள்வார் என்று கவலைப்பட வேண்டும். பார்க்க வருகிறவர்கள் ‘எவ்வளவு அழகு’ என்று வியந்துவிட்டுப் போவதற்காக அவனை ஓர் அலங்காரப் பொருளாக வைப்பது, வருகிறேன் என்றவனை வாசலில் நிறுத்திவைப்பதாகும். நம்பாமல் வெறும் பொம்மையாக வைப்போமானால், வீட்டுக்கு உயிரான இடத்திலேயே ஒரு பொய்யை வைத்ததாகும். வெற்றிடமாக விடவும் மனம் ஒப்பாது. முடிந்த தீர்ப்பைத் தம் ஆசார்யனிடமே ஸ்வாமி கேட்டுக்கொள்ள வேண்டும். அடியேனுக்குத் தோன்றியது ஒன்று: அந்தச் சிறு கோயிலாழ்வாருக்குக் கதவு செய்து, திருக்காப்பு சேர்த்த நிலையில் வைத்துவிடலாம். ஒவ்வொரு நாளும் திருவாராதனம் முடிந்தபின் நம் கோயிலாழ்வாரும் அப்படித்தானே இருக்கிறது? உள்ளே எழுந்தருளியிருக்கிறான், இப்போது திருக்காப்பு சேர்ந்திருக்கிறது என்பதே காண்கிறவர்களுக்குப் பொருளாகும். இதில் பொய்யும் இல்லை, வெறுமையும் இல்லை.

ஏனென்றால் அந்த அக்ரஹாரத்துப் பெருமாள் வீட்டோடு போய்விடவில்லை. விற்ற அன்றே ஸ்வாமி அவரைத் தம்மோடு எழுந்தருளப்பண்ணிக்கொண்டு போனார்; இன்று அயல்நாட்டு வீட்டில், அடுக்களையை ஒட்டிய ஒரு மர அலமாரியில் அவர் எழுந்தருளியிருக்கிறார். ஐந்து சிறு வட்டில்கள், ஓர் உத்தரணி, ஒரு கைம்மணி, ஒரு தூபக்கால். யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு ஸ்ரீவைஷ்ணவத் திருமாளிகையிலும் வீட்டுக்குள் ஒரு சிறு வீடு ஏற்கெனவே இருக்கிறது; அதற்குச் சிறு பாத்திரங்களும் சிறு வஸ்திரங்களும் இருக்கின்றன. அதில் ஒருவர் வசிக்கவும் செய்கிறார். மேரி அரசியின் மாளிகையில் குழாயும் விளக்கும் மின்தூக்கியும் உண்டு, குடியிருப்பவர் இல்லை. நம் மர அலமாரியில் அவை ஒன்றும் இல்லை, குடியிருப்பவர் உண்டு.

பொம்மை வீட்டை ஸ்வாமி தாராளமாகக் கட்டலாம். மாலைதோறும் அதன் திருக்காப்பு சேர்ந்தே இருக்கட்டும்; அடுத்த அறையில் திருக்காப்பு நீங்கும் நேரத்தில் அவர் அங்கே இருக்க வேண்டும். அதற்குச் சற்று முன்னால், நாலு கத்தரிக்காயும் நறுக்கித் தந்திருக்க வேண்டும்.

அடியேன் ராமாநுஜ தாஸன்.